நாலாம் கட்டத்து மணி

டீலியா காரிட்டி இரண்டு வருஷமாகப் பன்றிக்காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். யாரோடு சண்டை என்று தெரியாமலே சண்டையில் இறங்குவது அவள் சுபாவம். இந்தச் சண்டையில் அவள் தோற்றதற்குக் காரணமும் அதுதான்.

அவள் புருஷன் மலக்கி டிராம் ஓட்டுகிறவன். புரூக்ளின் துறைமுகத்துப் பக்கம் கிளம்பி, பெரிய பாலத்தைத் தாண்டி, பத்திரிகை ஆபீஸ்கள் நிற்கும் சதுக்கத்தில் வட்டமடித்துத் திரும்பும் வண்டி. சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் மூலைக்கடையில் வேகவைத்த பன்றிக்காலைக் காகிதத்தில் சுற்றி வாங்கி வருவான். அந்தத் தெருவில் வாங்காத ஆம்பிளை கிடையாது. ஆனால் மற்றவர்கள் அதைப் பத்து மணிக்குள் தின்றுவிட்டுக் குறட்டை விட்டார்கள். மலக்கி மட்டும் நடுராத்திரிக்கு மேல் அலறிக்கொண்டு எழுந்து, அடுப்படியில் உட்கார்ந்து மிச்சத்தைத் தின்றான். விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. நடுராத்திரிக்கு மேல் ஒரு பருக்கை உள்ளே போயிருந்தாலும் கோயிலில் நன்மை, அதாவது பூசையில் தரும் திருவப்பம், வாங்கக் கூடாது.

"சாப்பிட்டுட்டேன் டீலியா. நீ மட்டும் போயிட்டு வா," என்பான். அவள் பலிபீடத்துப் பக்கம் போவாள். இவன், மகள் வினியோடு பெஞ்சிலேயே தலையைக் குனிந்துகொண்டிருப்பான். ஈஸ்டரை ஒட்டிய பாஸ்காக் காலத்தில் ஒரு தடவையாவது நன்மை வாங்காதவன் சாவான பாவத்தில் இருக்கிறான் என்று வினிக்கே மனப்பாடம். அவனுக்கு அப்படி இரண்டு பாஸ்கா போயாகிவிட்டது.

டீலியா முதலில் அலமாரியைப் பூட்டினாள். அவன் பாலைக் குடித்தான். பாலை எடுத்து ஒளித்து வைத்தாள். காய்ந்த ரொட்டித் தோலைத் தேடிப்பிடித்துத் தின்றான். ரொட்டியையும் பூட்டினாள், மறுநாள் காலையில் "தாகமா இருந்துச்சு, தண்ணி குடிச்சுட்டேன்" என்றான். தண்ணீரும் உபவாசத்தை முறிக்கும். குழாயைப் பூட்ட முடியுமா? அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதும்கூட, இந்த மனுஷன் பசிக்காகத் தின்னவில்லை என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பதைப் பார்க்க மட்டும் நமக்கெல்லாம் ஏனோ கண் வருவதில்லை.

அவள் சந்தேகமெல்லாம் வயிற்றின் மேல்தான். வயிறு கெட்டால் கனவு கெடும், கனவு கெட்டால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டவன் எழுந்து தின்பான், தின்றால் வயிறு மறுபடி கெடும். இந்தச் சாஸ்திரத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு சாயங்காலப் பத்திரிகை. அதில் வியாழக்கிழமைதோறும் 'ராச்சாப்பாடு' என்று ஒரு படக்கதை வரும். ஒன்பது கட்டங்கள். ஒரு வாரம் வக்கீல், ஒரு வாரம் தையற்காரி, ஒரு வாரம் போலீஸ்காரன். யாராவது ஒருவர் கனவு காண்பார்கள். தொப்பி பெருத்து வீட்டை மூடும், மூக்கு வேர்விட்டு மரமாகும், கல்யாணக் கேக்குக்குள் மாமியார் இருப்பாள். ஒன்பதாவது கட்டத்தில் எல்லோரும் கட்டிலில் விழித்துக்கொண்டு, படுக்கப் போகும்போது தின்ற பண்டத்தைத் திட்டுவார்கள். அவ்வளவுதான் கதை. அந்தப் படக்கதை வந்த பிறகு, கெட்ட கனவுக்கு வயிறுதான் காரணம் என்பதை அந்த வட்டாரத்தில் மறுத்துப் பேச ஆளில்லை. பாட்டில் மருந்து விற்கிறவன்கூட அந்தப் படக்கதையைக் கத்தரித்துத் தன் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தான்.

இன்னொரு விசேஷமும் உண்டு. கனவுகளைப் படம் போடுகிறவர் தானாகக் கற்பனை செய்வதில்லை. ஊரிலுள்ளவர்களிடம் கேட்டு வாங்கினார். கனவு கொடுத்தவருக்குக் கடைசிக் கட்டத்தின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு நன்றி போடுவார். 'நன்றி: ஒரு பல் டாக்டர்', 'நன்றி: எட்டாவது வார்டில் ஒரு விதவை' என்று. தன் கனவு பத்திரிகையில் வந்துவிட்டால் அந்த வாரம் அந்த ஆளைப் பிடிக்க முடியாது.

அந்தக் கட்டிடத்துப் பெண்களுக்கெல்லாம் 'ராச்சாப்பாட்டை' வாசித்துக் காட்டுகிறவள் டீலியாதான். கடலுக்கு அப்பால் லீட்ரிம் பக்கத்தில் சதுப்பு நிலத்து ஊரில் பிறந்து, பதினேழு வயதில் கப்பலேறி வந்தவள். ஒரு பணக்கார வீட்டில் ஏழு வருஷம் கூடம் துடைத்தாள். அந்த வீட்டம்மாவுக்குப் பீங்கான் பொம்மைப் பைத்தியம். அலமாரி அலமாரியாக வைத்திருந்தாள். தூசி தட்டுகிறவள் ஒரு பொம்மையை அரை விரல் நகர்த்தி வைத்துவிட்டாலும் கூப்பிட்டு நிறுத்திக் கேட்பாள். ஆகவே ஒரு கூடத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, அடுத்த முறை எது நகர்ந்திருக்கிறது, எது நகரவில்லை என்று சொல்ல டீலியாவின் கண் பழகிப்போனது. படக்கதையையும் அவள் அப்படித்தான் பார்ப்பாள். எழுத்தை வாசித்து முடித்த பிறகும், "அந்தச் சுவர்ல இருந்த நாய்ப் படம் மூணாவது கட்டத்துல பூனையாயிடுச்சு பாருங்க" என்பாள். மற்றவர்கள் அப்போதுதான் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள்.

பத்திரிகை வாங்கக் காசு செலவழிப்பதில்லை. டிராமில் ஜனங்கள் விட்டுப்போவதை மலக்கி எடுத்து வருவான். ஆனால் மே மாதம் அந்த வியாழக்கிழமை வெறுங்கையோடு வந்தான்.

"எங்கப்பா பேப்பர்?" என்று வினி கேட்டாள்.

"இன்னிக்கு யாரும் விட்டுட்டுப் போகல."

அந்த ஞாயிற்றுக்கிழமை வினிக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நன்மை வாங்கும் நாள். பதினோரு வயதுப் பெண். வெள்ளை உடுப்பு தைத்தாகிவிட்டது. முக்காட்டுக்குக் கஞ்சி போட்டு மடித்து வைத்திருந்தது. வகுப்பு எடுக்கும் கன்னியாஸ்திரீ ஒன்றைச் சொல்லியிருந்தாள்: பிள்ளையின் ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் அம்மா, மூவரும் சேர்ந்து மண்டியிட்டு நன்மை வாங்க வேண்டும். அப்பா செத்துப்போன பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு பக்கம் காலியாக இருக்கும். வினி அதைச் சாப்பாட்டு வேளையில் இரண்டு முறை சொன்னாள். மலக்கி இரண்டு முறையும் உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள், கீழ்வீட்டு மிஸஸ் கீயோ தன் மகன் கொண்டுவந்த பத்திரிகையோடு கூப்பிட்டனுப்பினாள். அவள் அடுப்படியில் ஏற்கனவே நாலு பெண்கள் தேநீரோடு காத்திருந்தார்கள்.

"வாடி வாடி, இந்த வாரம் உங்க வீட்டு விஷயம்," என்றாள் மிஸஸ் கீயோ. "டிராம் வண்டி!"

"எங்க வீட்டுல டிராமை நிறுத்த எடமில்ல," என்று சொல்லிக்கொண்டே டீலியா பத்திரிகையை வாங்கினாள்.

முதல் கட்டத்தில் ஒரு டிராம் ஓட்டி, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறான். தலைக்கு மேலே மணி. இரண்டாவதில் மணி இரண்டு முறை அடிக்கிறது, வண்டி கிளம்புகிறது. மூன்றாவதில் ஒரு முறை அடிக்கிறது. தெரு முனையில் வண்டி நிற்கிறது. நாலாவதில் கிளம்புகிறது. ஐந்தாவதில் வண்டி விலாங்கு மீன் மாதிரி நீள, பின்பக்கத்திலிருந்து ஜனங்கள் உருளைக்கிழங்காகக் கொட்டுகிறார்கள்.

"அந்தக் குண்டன் விழறதைப் பாரு! அப்படியே என் கொழுந்தன்!" என்று ஒருத்தி கத்தினாள்.

"உன் கொழுந்தன் விழுந்தா தண்டவாளம் வளைஞ்சிருக்கும்டி."

டிராம் ஓட்டி மேலே பார்த்துக் கெஞ்சுகிறான்: "அடி! ரெண்டே ரெண்டு தடவை அடிச்சுடு!" ஆறாவது கட்டத்தில் பிரேக் பிடி ரொட்டி மாவாகக் குழைகிறது. மணி வீங்குகிறது. ஏழாவதில் அவன் மணிக்குள் தலையை விட்டு அதன் நாக்கைத் தேடுகிறான், நாக்கு இல்லை. எட்டாவதில் மணி அவனைக் கவிழ்த்து மூடிவிடுகிறது. வெளியே கறுப்புத் தொப்பிக்காரர்கள் வரிசையாக நின்று கேட்கிறார்கள்: "கேட்டுச்சா?" உள்ளேயிருந்து அவன்: "கேட்டுச்சு! கேட்டுச்சு!"

பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். டீலியாவும் சிரித்துக்கொண்டேதான் ஒன்பதாவது கட்டத்துக்கு வந்தாள். கட்டிலிலிருந்து கீழே விழுந்து கிடக்கிறான் டிராம் ஓட்டி. போர்வைக்குள்ளிருந்து பெண்டாட்டி கேட்கிறாள்: "மறுபடியும் பன்றிக்காலா? உன் வயிறு என்ன நகரசபைக் குப்பைத்தொட்டியா?"

வாசித்த குரல் பாதியில் நின்றது. நகரசபைக் குப்பைத்தொட்டி என்பது டீலியாவின் சொந்தச் சொத்து. இருட்டில் புருஷனிடம் தவிர வேறு யாரிடமும் அவள் சொன்னதில்லை. மூலையில் பொடி எழுத்தில் போட்டிருந்தது: 'நன்றி: பாலத்து வண்டியில் ஒரு டிராம் ஓட்டி.'

"ஏண்டி, முகம் வெளிறிப்போச்சு?" என்றாள் மிஸஸ் கீயோ. "மலக்கியோட கனவா? நெஜமாவா? அட, சொல்லவே இல்லையே கள்ளி! ஊருக்கெல்லாம் விருந்து வைக்கச் சொல்லு!"

"அவர்தான். என்கிட்டயே சொல்லல," என்றாள் டீலியா. அவளுக்குப் பெருமைதான் முதலில் வந்தது. அதை மறைப்பானேன்? கூடவே ஒரு கோபம்: பக்கத்தில் படுக்கிறவளிடம் இரண்டு வருஷமாகச் சொல்லாத கனவை, யாரோ ஒரு படக்காரனிடம் சொல்லியிருக்கிறான். அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு மாடியேறினாள்.

தன் மேஜை மேல் பரப்பிவைத்து, இந்த முறை எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தாள். பணக்கார வீட்டுக் கூடத்தைப் பார்க்கிற மாதிரி, எது நகர்ந்திருக்கிறது என்று பார்த்தாள். எல்லாமே நகர்ந்திருந்தது. வண்டி முறுக்கிக்கொண்டது, சன்னல்கள் வாயாயின, தெருவிளக்கு குனிந்தது. ஒரே ஒரு பொருள் நகரவில்லை. நாலாவது கட்டத்தில், வண்டியின் பின்படிக்கட்டில் ஒரு சின்ன ஷூ. ஐந்தில் ஜனங்கள் அத்தனை பேரும் கொட்டும்போது அது அதே இடத்தில் இருந்தது. ஆறில், ஏழில், எட்டில் மணி எல்லாவற்றையும் மூடிய பிறகும் ஓரமாக அந்தப் படிக்கட்டும் ஷூவும் தெரிந்தன. அடுப்படியில் அத்தனை சிரிப்பில் ஒருத்தியும் அதைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

அந்த ஷூவை அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்ச் மாதம், மழை நாள். மலக்கியின் வண்டி ஒரு முனையில் நின்றது. ஒரு தையற்காரரின் மனைவி நாலு வயது மகனோடு பின்படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள். அவள் காலை ஊன்றிவிட்டாள், பையன் ஊன்றவில்லை, வண்டி கிளம்பிவிட்டது. பையன் சக்கரத்தடியில் போனான். ஒற்றை ஷூ மட்டும் படியில் நின்றது. கண்டக்டர் இரண்டு மணி அடித்தால்தான் ஓட்டுகிறவன் வண்டியை எடுக்க வேண்டும். விசாரணையில் மலக்கி, "ரெண்டு மணி கேட்டுச்சு" என்றான். கண்டக்டர் ஃபெலிம் டூஹி, "நான் அடிக்கவே இல்லை, ஒரு கிழவியோட கூடையைத் தூக்கிக் குடுத்துட்டிருந்தேன்" என்றான். வண்டியில் வந்த இரண்டு பேர் தங்களுக்கும் மணி கேட்டதாகச் சொன்னார்கள். வண்டி கிளம்பினால் மணி அடித்துத்தானே இருக்க வேண்டும் என்று அவர்கள் காது முடிவு செய்துவிட்டது. கம்பெனி ஃபெலிமை அன்றே துரத்தியது. அப்புறம் ஊர் ஃபெலிமைப் பற்றியே பேசியது. செத்துப்போன பையனின் பெயர்கூட அந்தத் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை.

ஃபெலிமின் மனைவி ஆக்னஸ், டீலியாவோடு ஒரே கப்பலில் வந்தவள். டீலியாவின் கல்யாணத்தில் தோழியாக நின்றவள். விசாரணைக்கு அடுத்த வாரம் ரொட்டிக்கடையில் அவளைப் பார்த்தபோது டீலியா கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "மணி அடிச்சது போதாதுன்னு, என் புருஷன் பொய் சொல்றான்னு வேற சொல்றாங்க. குழந்தையைக் கொன்னவங்களுக்கு வாய் மட்டும் குறையல." ஆக்னஸ் ரொட்டியை வாங்காமலே போய்விட்டாள். அதன் பிறகு அந்த வட்டாரத்தில் டூஹி வீட்டுக்கு யாரும் முகம் கொடுக்கவில்லை. இப்போது ஃபெலிம் துறைமுகத்தில் கிடைக்கிற நாளில் இடது தோளில் கரிக்கூடை சுமக்கிறான். எங்கே போனாலும் வலது கையைக் கோட்டுப் பைக்குள் திணித்தபடியே நடப்பான். பைக்குள் புட்டி இருக்கிறது என்று டீலியா எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

டீலியா படத்திலிருந்த மணியைப் பார்த்தாள். இந்தப் படக்காரர் சத்தத்தையும் வரைகிறவர். இரண்டாவது கட்டத்தில் மணியைச் சுற்றி இரண்டு வரிசைக் கோடுகள். மூன்றாவதில் ஒரு வரிசை. நாலாவதில், வண்டி கிளம்புகிற அந்தக் கட்டத்தில், மணியைச் சுற்றி ஒன்றுமே இல்லை. சுத்தமான வெள்ளைக் காகிதம். அடுத்த கட்டத்தில்தான் அவன் மணியைப் பார்த்துக் கெஞ்ச ஆரம்பிக்கிறான். மணி கேட்டவன் எதற்காக அதைப் போய் அடி, அடி என்று கெஞ்சுகிறான்?

கடைசிக் கட்டத்துக்குப் போனாள். அங்கே விழித்தாகிவிட்டது, கனவு முடிந்தது, பழி பன்றிக்காலின் மேல். அவளுடைய நகைச்சுவை, அவளுடைய போர்வை. கட்டிலுக்கு அடியில் டிராம் ஓட்டியின் இரண்டு பூட்ஸ். அவற்றுக்கு நடுவில், கறுப்பு நிழலில், அந்தச் சின்ன ஷூ.

டீலியா பக்கத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். இரண்டு வருஷமாக அவள் பூட்டிய அலமாரி, ஒளித்த பால், எண்ணி வைத்த ரொட்டி எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. அவன் தின்றதால் கனவு வரவில்லை. கனவு வந்ததால்கூடத் தின்னவில்லை. நன்மை வாங்காமலிருக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அதற்காகத் தின்றான். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு நன்மை வாங்கப் பயந்தான். பெண்டாட்டி ஏன் என்று கேட்காதபடி பன்றிக்காலைக் காட்டினான். அவளும் பன்றிக்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவள் அதை மலக்கியிடம் காட்டவில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்தக் காகிதத்தை அதில் போட்டால் விஷயம் முடிந்தது. ஊர் சிரித்துவிட்டு அடுத்த வாரக் கனவுக்குப் போய்விடும். அந்த எண்ணம் அவளுக்கு வந்தது, கொஞ்ச நேரம் தங்கவும் செய்தது. புருஷனுக்கு வேலை போகும், விசாரணையில் பொய் சொன்னதற்கு ஜெயிலும் போடலாம், வினிக்குச் சோறு? நல்லவள், கெட்டவள் என்பதெல்லாம் அப்புறம்; அந்த இடத்தில் யாருக்கும் முதலில் அடுப்புதான் கண்ணில் படும்.

சனிக்கிழமை மதியம் காலை ஓட்டம் முடிந்து மலக்கி வந்தான். மறுநாள் புதுநன்மை என்பதால் சாயங்கால ஓட்டத்துக்கு வேறு ஆளை ஏற்பாடு செய்திருந்தான். வினி கோயிலில் ஒத்திகைக்குப் போயிருந்தாள். மேஜை மேல் விரித்திருந்த பக்கத்தைப் பார்த்ததும், தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தான்.

"கீயோ வீட்டுல வாசிச்சியா?" என்றான். "சிரிச்சாங்களா?"

"விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

"டிப்போலயும் அப்படித்தான். பத்துப் பேரு முதுகுல தட்டிக் குடுத்தாங்க. நானும் சிரிச்சேன் டீலியா. நெஜமா சிரிச்சேன்." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். "படம் போடற அந்த ஆளு தினமும் பாலத்துல என் பக்கத்துல நின்னுக்கிட்டு வருவாரு. எல்லார்கிட்டயும் கேக்கற மாதிரி என்ன கனவு கண்டேன்னு கேட்டாரு. வாய் தானா சொல்லிடுச்சு. சொன்னா போயிடும்னு நெனச்சேன். கடைசிக் கட்டத்துல எல்லாரும் முழிச்சுக்கறாங்களே, நானும் முழிச்சுக்கலாம்னு."

"முழிச்சுக்கிட்டியா?"

அவன் கடைசிக் கட்டத்தையே பார்த்தான்.

"மலக்கி, என்னைப் பாரு. அன்னிக்கு மணி அடிச்சுதா?"

"கம்பெனி மேற்பார்வைக்காரன் முனையில கடிகாரத்தோட நின்னான். நான் நாலு நிமிஷம் பின்தங்கி இருந்தேன்..."

"அதைக் கேக்கல. மணி அடிச்சுதா?"

"அடிக்கல."

சொல்லிவிட்டு முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். "அடிச்ச மாதிரி இருந்துச்சு. அந்த நிமிஷம் அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் விசாரணையில கேட்டாங்க. கேட்டுச்சுன்னு வாய் சொல்லிடுச்சு. சொன்னதுக்கப்புறம் எங்க போய் எடுக்கறது? ஃபெலிமுக்கு ஒரு மாசம் சம்பளம் பிடிப்பாங்கன்னுதான் நெனச்சேன். இப்படித் தொரத்துவாங்கன்னு நெனக்கல."

டீலியாவுக்கு அவனை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"நாளைக்கு வினி பக்கத்துல நீ மண்டியிடணும்," என்றாள். "நீ உசுரோட இருக்கும்போது அவ ஒரு பக்கம் காலியா நிக்கக் கூடாது."

"நாலு மணிக்குச் சாமியார் பாவசங்கீர்த்தனம் கேக்க உக்காருவார். போய்ச் சொல்லிடறேன்."

"அவர் என்ன சொல்வாருன்னு உனக்கே தெரியும். அடுத்தவன் பேரை எடுத்து வெச்சிருக்கே, மொதல்ல திருப்பிக் குடுத்துட்டு வான்னுதான் சொல்வாரு. எழுந்திரு."

"வேலை போயிடும் டீலியா."

"போகட்டும். நான் தரை துடைக்கப் போறேன். எனக்குத் தெரியாத வேலையா?" சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். "நான் ஒண்ணும் தைரியசாலி இல்ல. நேத்துப் பூரா அந்தப் பேப்பரை அடுப்புல போடலாமான்னு பாத்துட்டிருந்தேன். எந்திரிடா, நான் மனசு மாறறதுக்குள்ள."

டூஹி குடும்பம் துறைமுகத்தில் கரி கொட்டும் இடத்துப் பக்கம் ஒரு கட்டிடத்தின் மூன்றாவது மாடிக்கு மாறியிருந்தது. கதவைத் திறந்தது ஆக்னஸ். அடுத்தவர் வீட்டுத் துணி துவைத்துத் துவைத்துக் கைகள் ஊறிப்போயிருந்தன. டீலியாவைப் பார்த்துவிட்டு உள்ளே வா என்று சொல்லவில்லை; போ என்றும் சொல்லவில்லை. ஃபெலிம் சன்னலோரம் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குள்ளும் கோட்டோடு, வலது கை பைக்குள்.

மலக்கி நின்றபடியே சொன்னான். முகவுரை ஒன்றும் வைக்கவில்லை. "ஃபெலிம், அன்னிக்கு நீ மணி அடிக்கல. எனக்கு மணி கேக்கல. கேட்டுச்சுன்னு பொய் சொன்னேன்."

டீலியா வசவை எதிர்பார்த்தாள். அடியை எதிர்பார்த்தாள். அதற்குத் தயாராகவே வந்திருந்தாள்.

ஃபெலிம் மெதுவாகத் தலையை ஆட்டினான். "பொய்," என்றான்.

"பொய்தான். நான் சொன்னது..."

"இல்ல. இப்ப சொல்றே பாரு, இது பொய். எம்மேல எரக்கப்பட்டு வந்திருக்கே. பொண்ணுக்குப் புதுநன்மைன்னு கேள்விப்பட்டேன், அதனால மனசு இளகிடுச்சு உனக்கு. வேணாம் மலக்கி. நான் அடிச்சேன்."

"நீ அடிக்கல ஃபெலிம்!"

"தினம் அடிக்கறேனே! கனவுல. கெழவி கூடையைக் கையில குடுக்கறா, நான் எடது கையால வாங்கறேன். இந்தக் கை தானா மேல போகுது. வேணாம் வேணாம்னு இழுக்கறேன். கயித்தப் பிடிச்சு ரெண்டு தடவை இழுத்துடுது. ரெண்டு மணியும் எனக்குக் கேக்குது." பைக்குள் இருந்த கையைக் கோட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டான். "பேப்பர்ல வந்த அந்தப் படத்தை நானும் பாத்தேன். மணியே அடிக்காம வண்டி கெளம்பற கனவு எந்த அதிர்ஷ்டசாலிக்கு வருதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

ஆக்னஸ், புருஷனைப் பார்க்காமல், டீலியாவைப் பார்த்துச் சொன்னாள்.

"மொத வருஷம் நான் அவரை நம்பினேன். அடிக்கலைன்னு அவர் சொல்லிட்டே இருந்தாரு, நானும் நம்பிட்டே இருந்தேன். அப்புறம் முடியல. ஊரே சொல்லுது. நீ சொன்னே. நீ யாரு எனக்கு? நீ சொன்னா நெஜமாத்தான் இருக்கும்னு நெனச்சேன். ஒரு நாள் அவர்கிட்ட கேட்டுட்டேன், 'ஒருவேளை அடிச்சிருப்பியோ'ன்னு. அன்னியிலிருந்துதான் இவரு கையை வெளிய எடுக்கறதில்ல."

டீலியா அந்தக் கோட்டுப் பையைப் பார்த்தாள். பைக்குள் புட்டி இருக்கிறது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருந்தாள்! மன்னிச்சுடு என்ற சொல் வாய்வரை வந்தது. அது அங்கே ரொம்பச் சின்னதாக இருந்தது, சொல்லவில்லை.

மலக்கி ஃபெலிமின் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டான். "கெழவியோட கூடை ரொம்பப் பெருசு, ஃபெலிம். அதுல வாத்து இருந்துச்சு. நீ ரெண்டு கையாலயும் அதைப் பிடிச்சிருந்தே. நான் கண்ணாடியில பாத்தேன். பாத்துட்டும்தான் வண்டியை எடுத்தேன். உன் ரெண்டு கையும் கூடையில இருந்துச்சு."

"ரெண்டு கையுமா?"

"ரெண்டு கையும்."

ஃபெலிம் வலது கையைப் பையிலிருந்து எடுத்து முழங்கால் மேல் வைத்தான். வெயில் படாமல் வெளுத்துப்போய், மற்றக் கைக்குச் சம்பந்தமில்லாத கை போல அது கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "இன்னொரு தடவை சொல்லு," என்றான்.

மலக்கி சொன்னான்.

"இன்னொரு தடவை."

டீலியா போய்க் கதவை முழுசாகத் திறந்து வைத்தாள். மாடிப்படியில் தண்ணீர் வாளியோடு இரண்டு பெண்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரன் வாசலில் நின்று புகைபிடித்துக்கொண்டிருந்தான்.

"சத்தமா சொல்லு, மலக்கி," என்றாள்.